இடப்பக்கத்துக்கு ஒரு பிரேக்

எதிர்வீட்டு அத்தைக்கு வெட்கம் இல்லாமல் இல்லை. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காரச் சொன்னால் நெளிவாள். யாராவது போனை நீட்டிப் படம் எடுத்தால் முந்தானையை வாயில் கவ்விக்கொள்வாள். ஆனால் "எனுக்குத் தெரியாது, சொல்லிக்குடு" என்று கேட்பதற்கு மட்டும் அவளிடம் வெட்கம் என்ற பேச்சே கிடையாது. யாரிடமும் கேட்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பாள், ஏரியில் பறவை பார்க்க வருகிற பட்டணத்துக்காரர்களிடம் கேட்பாள், வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற காவலாளியிடம் கேட்பாள். புரியவில்லையென்றால் மறுபடியும் கேட்பாள். புரிந்த பிறகும், "இரு, நான் சொல்றேன், சரியானு பாரு" என்று ஒப்பித்துக் காட்டிவிட்டுத்தான் ஆளை விடுவாள்.

குக்கர் கதையை அம்மா இன்றைக்கும் சொல்வாள். எங்கள் குப்பத்துக்கு குக்கர் வந்த புதிதில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தடவையாவது பருப்பு கூரையில் ஒட்டியிருக்கிறது. அப்படித்தான் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். அத்தை மட்டும் பொன்னேரிக்குப் போய், வாங்கின கடையிலேயே உட்கார்ந்துகொண்டு, கடைக்காரரை அடுப்பு பற்றவைத்து ஒரு தடவை சமைத்துக் காட்டச் சொன்னாளாம். கடைக்காரர் சிரித்தாராம். இவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பக்கத்து டீக்கடை அடுப்பில் வைத்துக் காட்டினார்கள். அத்தை வீட்டுக் கூரையில் மட்டும் பருப்பு இல்லை என்று சொல்லி முடிக்கும்போது அம்மா சிரிப்பாள். பிறகு சிரிப்பு நின்றுபோகும், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அத்தை எங்கள் ஊர்க்காரி இல்லை. ஏரிக்கு மேற்கே, ஆரம்பாக்கம் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பத்திலிருந்து கடற்கரைக்கு வாழ வந்தவள். வந்த முதல் வாரம் கூடை நிறைய உயிர் நண்டைக் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்ல, "எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்று கேட்டுவிட்டாளாம். அந்தக் கேள்வி பல வருஷம் எங்கள் தெருவில் ஓடியது. எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தருவதில்லை. கூட வா, பார், கடிபட்டுக்கொள், அவ்வளவுதான். வலை வீசுவதும் அப்படித்தான், காற்றுப் பார்ப்பதும் அப்படித்தான். கேட்கிறவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால் கடைசிவரை கொஞ்சம் வெளியூர்க்காரியாகவே இருந்தாள்.

இப்போது அவளைப் பற்றி எழுத ஒரு காரணம் வந்திருக்கிறது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். பொன்னேரியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் வீட்டில் பெரிய சிரிப்பு. அண்ணன், "வீடியோல பாத்தாலே வந்துடும்மே, மீதிய சவுக்குத் தோப்பாண்ட ஒரு ஞாயித்துக்கெழம நானே சொல்லித் தரேன், இதுக்குப் போயி ஸ்கூலு, யூனிபாரமும் உண்டா?" என்கிறான். வழக்கமாக அண்ணனோடு நான் நன்றாகச் சண்டை போடுவேன். எதையும் உடனே செய்துபார்த்துவிட வேண்டும் என்று துடிக்கிற ஆள் நான். வீடியோ பார்த்தே லேப்டாப்பைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டைகூடப் போடத் தோன்றவில்லை. எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான்.

அத்தை பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்றாள். விடியும்போதே அன்னக்கூடையில் இறாலும் மடவையும் நண்டும் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். மீன் கூடையோடு ஏறினால் சில கண்டக்டர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சிலர் ஏற்றவே மாட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று இறக்கிவிடுவார்கள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமாவுக்கு அப்போது இடுப்பு பிடித்துக்கொண்டு, கடலுக்குப் போவது குறைந்திருந்தது. படகில் இருந்த தன் பங்கைக் கொடுத்துவிட்டு, எளாவூர் பக்கம் ஒருவரிடமிருந்து ஒரு பழைய லோடு வண்டியை வாங்கினார். எல்லோரும் குட்டி யானை என்பார்களே, அது. விற்றவரே ஓட்டிவந்து எங்கள் தெருவில் நிறுத்திவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். தெருவே கூடி நின்று பார்த்தது. அப்புறம்தான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சந்தேகம் வந்தது: யார் ஓட்டுவது?

மாமாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து எஞ்சினோடு இருக்கிறவர். புயல் காற்றில் முகத்துவாரத்தில் அலைக்கு அலை படகை ஏற்றி இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று அவருக்கு ஊரில் பெயர்.

"நாலு சக்கரத்த ஓட்ட எனுக்கு இன்னா ஒருத்தன் சொல்லித் தர்றது?"

"கடல்ல எதிர்ல பஸ்ஸு வருமாய்யா?" என்றாள் அத்தை.

தெரு சிரித்தது. மாமாவும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கையைத் தூக்கி அவளை அடித்தவர் இல்லை, குடித்துவிட்டு வந்தாலும் ஓரமாகப் படுத்துக்கொள்கிறவர். அவள் பிடிவாதத்துக்காக இரண்டு பேருமாகவே பொன்னேரி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்கள்.

மாமா முதல் நாளோடு சரி. சொல்லித்தருகிறவர் சின்ன வயசு. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை என்று மாமா ஊரில் வந்து சொன்னார். அந்த மாஸ்டர் இவரை ஓட்டவிட்டு, குறுக்கே ஒரு சைக்கிள் வந்ததும் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். "கால எடுத்தா மட்டும் நிக்காது சார். பிரேக்க அமுக்கணும்." பின்சீட்டில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாமா பஸ் ஸ்டாண்டு வந்ததும் இறங்கினார், பழவேற்காடு பஸ்ஸில் ஏறினார். திரும்பிப் போகவில்லை.

அத்தை போனாள். மீன் விற்று முடித்து, கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பழைய பவுடர் டப்பாவிலிருந்து கழுத்துக்குக் கொஞ்சம் பூசிக்கொண்டு போவாள். தன்னைவிடச் சின்னவரை "மாஸ்டரு, மாஸ்டரு" என்று கூப்பிடுவாள். நான் அப்போது பொன்னேரியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அவள் வகுப்பு முடிகிற நேரமும் என் பள்ளி விடுகிற நேரமும் ஒன்று. ஒன்றாகத்தான் பஸ்ஸில் திரும்புவோம். வழியெல்லாம் அவள் எனக்கு ஒப்பித்துக்கொண்டே வருவாள். கண்ணாடி பாரு. கிளட்சு முழுசா. கியரு. கண்ணாடி மறுபடியும் பாரு. மடியில் காலி அன்னக்கூடை இருக்கும். அதன் விளிம்பைப் பிடித்து வளைவுக்கு வளைவு திருப்புவாள்.

ஒருநாள் அவள் பஸ் ஏறியதிலிருந்து பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற வயல்களைப் பார்த்தபடியே இருந்தாள். நான் என்னவென்று கேட்டேன். மாஸ்டரிடம், தன் வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை, தனக்கு மட்டும் எப்படிச் சீக்கிரம் வந்தது என்று கேட்டிருக்கிறாள். மாஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"போட்டு ஓட்றவங்களுக்கு இது தனிக் கஷ்டமாம்மே. போட்டுல இந்தாண்ட போவணும்னா கைப்புடிய அந்தாண்ட தள்ளணும் இல்ல? நிக்கணும்னா எஞ்சின கொறச்சிட்டு சும்மா குந்திகினு இருந்தா போதும், தண்ணியே புடிச்சி நிறுத்திடும். அதே பழக்கம் கையிலயும் கால்லயும் நின்னுடுதாம். சும்மா போறப்போ ஒன்னும் தெரியாதாம். திடீர்னு எதுனா வந்தா புத்தி யோசிக்காதாம், கை காலு தான் யோசிக்குமாம். அப்ப போட்டு மாறியே பண்ணிடுவாங்களாம். நான் போட்டத் தொட்டதில்ல, அதான் எனுக்கு வந்துச்சாம்."

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்லித்தர அண்ணன் போதும், வீடியோ போதும். வேறொன்று நன்றாகத் தெரிந்த ஆளுக்குத்தான் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். தன் கை தப்பாக யோசிக்கிறது என்று யாருக்கும் தானாகத் தெரிவதில்லை. அத்தை அன்று வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் இதைச் சொன்னாள். தெரு தாண்டி எங்களுக்குக் கேட்டது. "உன் மேல தப்பில்லய்யா, மாஸ்டரே சொல்லிட்டாரு, உன் கை போட்டு கை." அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவருக்கு அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும்.

அவள் லைசென்ஸ் வாங்கினாள். பொன்னேரியிலிருந்து முதல்முறை வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு வந்த அன்று, நான் பின்னால் காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தேன். மாமா அவளுக்கு இடப்பக்கம். சந்தோஷத்தில் எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. வழியில் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், எல்லோருக்கும் கை காட்டிக்கொண்டே வந்தேன். பழவேற்காடு கடைத்தெரு தாண்டி, ஏரிமேல் பாலம் தாண்டி, கரைமேட்டு ரோட்டில் ஊருக்குள் நுழைகிற இடத்தில் வலை பின்னுகிற கொட்டகை இருக்கிறது. ஆண்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள்.

"இன்னா மாமே, பொண்டாட்டி ஓட்ட நீ ராஜா மாறி குந்திகினு வர்ற" என்றார் ஒருவர்.

"லைப் ஜாக்கெட் போட்டியா?" என்றார் இன்னொருவர்.

"நாளைக்கு மீன் கூடைய நீ தூக்கிக்கோ, அவங்க போட்டு எடுத்துகினு கடலுக்குப் போவட்டும்."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் இடுப்பு வலி என்று மார்க்கெட்டுக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அத்தை தனியாகக் கூடைகளை ஏற்றி இறக்கினாள். கொட்டகையைத் தாண்டும்போது நேராகப் பார்த்து ஓட்டினாள். அடுத்த நாள் காலையில் ஓர் ஏற்பாட்டோடு வந்தாள்.

எங்கள் ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஒருத்தர் பாட்டில் இன்னொருத்தர் இறங்கக் கூடாது. அத்தை அதையே வண்டிக்கும் வைத்தாள். "பொன்னேரிலேர்ந்து பாலம் வரிக்கும் என் பாடு. பாலத்துலேர்ந்து ஊடு வரிக்கும் உன் பாடு." அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பாலம் தாண்டியதும் வண்டி ஓரம் கட்டும். அத்தை இறங்குவாள், மாமா இறங்குவார். இவள் வண்டிக்கு முன்பக்கமாகச் சுற்றி அந்தப் பக்கம் போவாள், அவர் அதே வழியாக இந்தப் பக்கம் வருவார். நடுவில், வண்டி மூக்குக்கு நேராக, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தாண்டுவார்கள். சிலநாள் அத்தை அவர் தோளில் தட்டிவிட்டுப் போவாள். கொட்டகைக்காரர்கள் பார்க்கும்போது மாமாதான் ஓட்டுவார். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை ஜன்னலில்.

நான் ஒருநாள் கேட்டேன். எதையும் முறையாகக் கற்றுக்கொள்ளாமல் தொடக்கூடாது என்கிற நீயா இப்படி விடுகிறாய் என்று கேட்டேன். மாமாவிடம் லைசென்ஸும் கிடையாது.

"அந்த ஆளு மொகத்த பாத்தியாமே நீ? சோறு எறங்கல அதுக்கு" என்றாள். "ரவ தூரந்தானே. மெதுவா தான் போவுது. ஓட்டட்டும்."

ஆனால் அவள் நிம்மதியாக இருந்ததில்லை. நான் பின்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கச் சீட்டில் அவள் முதுகு சாய்ந்ததே இல்லை. வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். "கண்ணாடி... மெதுவா... பிரேக்கு." மாமா, "மூடிகினு வாமே, நீ இன்னா மாஸ்டரா?" என்பார். அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். அங்கே போட்டிருந்த ரப்பர் விரிப்பு அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. மாஸ்டர் வண்டியில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவளுக்கு அந்த வண்டியில் ரொம்பப் பிடித்ததே அதுதான். ஒருவர் ஓட்டலாம், இன்னொருவர் காப்பாற்றலாம் என்று ஆச்சரியப்படுவாள்.

பொன்னேரி ரோட்டில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டிருந்தபோது கேட்டும்விட்டாள். நானும் இருந்தேன்.

"இந்தாண்டயும் ஒரு பிரேக்கு வெச்சித் தருவியாப்பா?"

"இன்னாக்கா, லோடு வண்டிக்கு டபுள் பிரேக்கா? நீங்க ஸ்கூலு ஆரம்பிக்கப் போறீங்களா?"

"முடியுமா முடியாதா, அத சொல்லு."

முடியும் என்றார் அவர். எப்படி வைப்பது என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். அந்தப் பெடலிலிருந்து இந்தப் பெடலுக்கு ஒரு கம்பி போகும், நடுவில் இன்னது வரும் என்று அவர் எண்ணெய்க் கையால் காற்றில் வரைந்து காட்ட, அவள் திருப்பி ஒப்பித்தாள். அப்போது மாமா டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவள் சொன்னதைக் கேட்டார். கிளாஸை பெஞ்சில் வைத்தார்.

"என்னை இன்னா எல் போர்டுனு ஊருக்குக் காட்டப் போறியா?"

அவள் மெக்கானிக்கிடம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். வீடு வரும் வழியில் ஓர் உடன்பாடு ஆனது. பிரேக் வேண்டாம். ஆனால் மாமா ஸ்கூலுக்குப் போக வேண்டும். காலையில், யாரும் பார்க்காத நேரம், மாஸ்டரிடம் அவளே பேசிவைப்பாள். மாமா வெளியே பார்த்துக்கொண்டு, பொங்கல் முடிந்ததும் போகிறேன் என்றார். அத்தை பின்பக்கக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், எனக்குச் செய்முறை வகுப்பு இருந்ததால் நான் அவர்கள் வண்டியில் வரவில்லை. பஸ்ஸில் வந்து பழவேற்காட்டில் இறங்கிப் பாலத்தில் நடந்தேன். வெயில் சாய்கிற நேரம். ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்த மாசம், தூரத்தில் பூநாரைகள் வெள்ளையாக நின்றன. பாலத்தின் இறக்கத்திலிருந்தே கூட்டம் தெரிந்தது. கரைமேட்டு ரோட்டுக்குக் கீழே ஏரித்தண்ணீரில் ஆண்கள் இடுப்பளவு இறங்கி நின்றார்கள். படகுக் கயிறு கட்டி எதையோ கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் படகு இழுக்கும்போது ஒருத்தர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து கொடுப்பார்கள். அன்றைக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. கயிறு மட்டும் போய் வந்தது. அப்புறம் தண்ணீரிலிருந்து ஒரு சக்கரம் மேலே வந்தது.

வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து சேற்றில் பதிந்திருந்தது. அவள் பக்கத்துக் கதவு அடியில் மாட்டிக்கொண்டது. மாமா மேல்பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார், முடியவில்லை. மூழ்கி மூழ்கி இழுத்திருக்கிறார். கொட்டகையிலிருந்து எல்லோரும் ஓடிவந்திருக்கிறார்கள். கடலில் ஆள் விழுந்தால் தேடி எடுக்கிற ஊர் அது. இடுப்பளவு தண்ணீர்தான் இருந்தது.

மாமா அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். கருமாதி முடிந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் நைனாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். அம்மா வைத்த டீயைத் தொடவில்லை.

"மாடு ஒன்னு கீழேர்ந்து ஏறி நடுவுல நின்னுச்சிண்ணே. கால எடுத்தேன். நிக்கும்னு இருந்தேன். நிக்கல. அந்தாண்ட போவலாம்னு இந்தாண்ட தள்ளிட்டேன்." வலது பக்கம் போவதற்காக அவர் கை, படகில் தள்ளுகிற மாதிரி, காற்றில் இடது பக்கம் தள்ளியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ கத்தலண்ணே. பிரேக்குனு சொன்னா. தெனிக்கும் சொல்ற மாறிதான் சொன்னா."

நைனாவும் படகு ஓட்டுகிறவர். தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது யார் வீட்டு மாடு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

வண்டி வெகுநாள் எதிர்வீட்டு ஓரத்தில் சேறு காய்ந்து கிடந்தது. கூடைகளில் கோழி முட்டையிட்டது. நான் கல்லூரியில் சேர்ந்து சென்னைக்குப் போய்விட்டேன். விடுமுறையில் வருகிறபோதெல்லாம் வண்டி அங்கேயே நிற்கும். மாமா அடுத்தவர் படகுக்கு வலை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தைப்பார், கொட்டகைக்குப் போவதில்லை. பிறகு ஒரு விடுமுறையில் வந்தபோது வண்டி இல்லை. விற்றுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்த முதல் நாள், எங்கிருந்து வருகிறேன் என்று மாஸ்டர் கேட்டார். இப்போது அவருக்கு நல்ல மீசை இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அத்தையைத் தெரியுமா என்று கேட்டார். தன்னிடம் படித்தவர்களில் சந்தேகம் கேட்டுக் கேட்டுத் தன்னையும் சரியாகப் படிக்கவைத்தது அவள் ஒருத்திதான் என்றார். மறுபடி வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, "அவரும் வந்தாரு" என்றார்.

மாமா ஒருநாள் காலையில் ஸ்கூல் வாசலில் வந்து நின்றிருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "எனுக்குத் தெரியாது, சொல்லிக்குடுங்க" என்றாராம். முதல் வாரம் முழுக்க அவருக்குக் கால் வரவில்லை. எதிரில் நாய் வந்தால்கூட காலை எடுத்துவிட்டு உறைந்துபோவாராம். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதிப்பார். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் மாமா தலையைக் குனிந்து அந்தப் பெடலையே பார்ப்பாராம். எல்லாம் வந்த பிறகும், லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும், சிலநாள் வந்து, ஓட்ட வேண்டாம், இடப்பக்கம் சும்மா உட்கார்ந்து வருகிறேன் என்று கேட்டிருக்கிறார்.

போன சனிக்கிழமை வகுப்பு முடிந்து பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அந்த வண்டி வந்து நின்றது. இத்தனை நாள் மெக்கானிக்கிடம்தான் இருந்திருக்கிறது, புதுப் பெயின்ட் அடித்திருந்தது. மாமா இளைத்துப்போயிருந்தார். "ஊருக்கா? ஏறுமே" என்றார். ஏறினேன். இடப்பக்கச் சீட்டுதான், வேறு சீட்டு அதில் இல்லை. காலை நீட்டியபோது ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தேன். பழைய ரப்பர் விரிப்பு அப்படியே கிடந்தது. தேய்ந்து வழவழவென்று ஆன இடத்துக்கு நேர் மேலே ஒரு பெடல்.

"கண்ணாடி" என்று மாமா தனக்குத்தானே சொன்னார். கண்ணாடியைப் பார்த்தார். "கிளட்சு" என்றார். வண்டி கிளம்பியது. நன்றாக ஓட்டினார்.

பாலம் தாண்டியதும் ஓரம் கட்டி நிறுத்தினார். இறங்கினார். டயரைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். வண்டிக்கு முன்பக்கமாகச் சுற்றி நடந்தார். மூக்குக்கு நேராக வந்ததும் ஒருகணம் நின்று, யாருக்கோ வழி விடுகிற மாதிரி ஒதுங்கினார். என் பக்கத்துக் கதவருகே வந்தார்.

"இன்னா மாமா?"

"பாடு மாறணும் இல்ல" என்றார். கதவைத் திறக்கவில்லை. கண்ணாடி விளிம்பில் கையை வைத்து எடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய் அதே சீட்டில் ஏறிக்கொண்டார்.

கரைமேட்டு ரோட்டில் ஒரு மாடும் இல்லை, ஆளும் இல்லை. மெதுவாகப் போனோம். தூரத்தில் கொட்டகை தெரிந்தது. அங்கிருந்தவர்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் வலைக்குக் குனிந்துகொண்டார்கள். அந்த இடம் நெருங்கும்போது மாமாவின் குரல் வந்தது. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அமுக்குமே."

அமுக்கினேன். வண்டி நின்றது. குலுங்கவில்லை, அங்கேயே நின்றது.

மாமா இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். என் காலடியில் இருந்த பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்குது பாரு" என்றார்.